மூணாவது அறை மூக்கம்மா

முப்பிடாதி: அக்கா, இந்தக் கொச்சியில தானா நடக்குற காரியம் ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு, கடல் ஏறி இறங்குறது. இன்னொண்ணு, நான் மாட்டுன சோலார் பேட்டரி.

மாடத்தி: ரெண்டாவது நாலு நாளா நடக்கலியே தம்பி. லைட்டு அரை மணிக்கூறுல அணையுது.

முப்பிடாதி: மேகம்.

மாடத்தி: வெயிலு மண்டையப் பிளக்கு. எங்கலே மேகம்?

முப்பிடாதி: அப்ப... நீங்க தொட்டிருப்பீங்க.

மாடத்தி: வெள்ளிக்கு வெள்ளி தொடத்தான் செய்வேன். மேல துடைப்பேன். முனையில பச்சையா பூத்திருந்தா வெந்நி விட்டுக் கழுவி வாசலின் தடவுவேன், குறைஞ்ச அறைக்குக் கடையில வாங்குன டிஸ்டில்ட் வாட்டர் விடுவேன்...

முப்பிடாதி: கூடவே பேசுவீங்க.

மாடத்தி: பேசுனா என்ன? உள்ள ஆறு அறை. எனக்கு நாத்தனாரும் ஆறு. அவங்க பேர வச்சா ஞாபகம் நிக்கும்லா.

முப்பிடாதி: பாலிடெக்னிக்ல சொன்னேன். வாத்தியாரே சிரிச்சுட்டாரு. ஆசிடுக்குக் காது கிடையாதுக்கா.

மாடத்தி: மூணாவது மூக்கம்மா மட்டும் தண்ணி கூடுதலாக் குடிக்கான்னு அன்னைக்கே சொன்னேன். கேட்டியா? சிரிச்ச.

முப்பிடாதி: அது...

மாடத்தி: இப்பவும் சிரி. ஞாயித்துக்கிழமை இதப் பழைய இரும்புக்குப் போடப் போறேன்னு நிக்காரு எங்க வீட்டுக்காரரு, உங்க அண்ணன். கேஸ்ல கெடக்குற கட்டடம், கரண்டு லைன் தரமாட்டாங்க. திரும்ப மண்ணெண்ணெய் விளக்குதான். விடியமுன்ன இடியாப்பம் பிழியும்போது அந்தப் புகை... எனக்கு நெஞ்சு அடைச்சிரும்.

முப்பிடாதி: ...மூடியத் திறங்க. ஹைட்ரோமீட்டர்ல ஆசிடை அளந்து பாப்போம். ஒண்ணு, ஆயிரத்து இருநூத்து முப்பது. ரெண்டு, அதே. மூணு...

மாடத்தி: மூணு?

முப்பிடாதி: ஆயிரத்து நூறு.

மாடத்தி: ஐயோ மூக்கம்மா!

முப்பிடாதி: மூணாவது அறை.

மாடத்தி: உள்ள என்னமோ மிதக்கு பாரு.

முப்பிடாதி: தூசி.

மாடத்தி: தூசியில கோடு கோடா இருக்குமாலே? டார்ச்சைக் கிட்டப் பிடி... சீரகம்!

முப்பிடாதி: சீரகமா... ஆமா.

மாடத்தி: குடிக்கக் காய்ச்சி வச்ச சீரகத் தண்ணிய, இந்த ஊரு சீரக வெள்ளத்த, யாரோ ஊத்திருக்காங்க. நான் ஊருக்குப் போயிருந்த வெள்ளிக்கிழமை.

முப்பிடாதி: கொதிச்ச வெள்ளம் சுத்தம்னு நெனச்சிருப்பான். இங்க யாரு பச்சை வெள்ளம் குடிக்கா?

மாடத்தி: கொதிச்சாக் கிருமி சாவும். இந்த மட்டாஞ்சேரிப் பைப்பு வெள்ளத்துல உள்ள உப்பு சாவுமா?

முப்பிடாதி: படிக்காத ஆளுங்கக்கா.

மாடத்தி: ஓ... அப்ப உங்க அண்ணன்தான்.

முப்பிடாதி: ...இருக்கலாம். விடுங்க, திட்டாதீங்க. அந்த அறையில உள்ளத உறிஞ்சி எடுத்துட்டு, அதே அளவுல புது ஆசிட் விடுவோம். ரெண்டு நாள் லைட்டே போடாதீங்க. வெயிலு ஏறட்டும்.

*

மாடத்தி: சனிக்கிழமை ஆயிட்டு. உங்க அண்ணன் சாக்கும் கயிறும் எடுத்து வச்சாச்சு. அளந்தியா?

முப்பிடாதி: மூணு... ஆயிரத்து இருநூத்து இருபத்தஞ்சு!

மாடத்தி: ஏறிட்டாளா!

முப்பிடாதி: லைட்டப் போடுங்க. ரெண்டு மணிக்கூறு எரியட்டும், சாக்கு தானா உள்ள போயிரும்.

மாடத்தி: இருலே, சாயா போட்டுட்டு அப்படியே சுவிட்சத் தட்டுறேன். அவர்கிட்டயும் ரெண்டு வார்த்தை கேக்கணும், சீரகத்தப் பத்தி.

முப்பிடாதி: மெதுவா வாங்க, அவசரமில்ல... மூக்கம்மா மதினி, கோவிச்சுக்காதீங்க. அக்கா ஊருக்குப் போயிருந்த அன்னைக்கு டிஸ்டில்ட் வாட்டர் கேன் காலி. கடைக்குப் போகச் சோம்பல். ஊத்துனது நான்தான்.