பொத்தையேந்தல் குதிரைக்குக் கண் மூடின கதை

தாது வருஷத்துப் பஞ்சத்துல பொத்தையேந்தல்னு ஒரு ஊரு. வீடு நாப்பது, ஆளு ஒருத்தர். சடைமாயன் வேளார். பானை வனையிறவர், அய்யனாருக்கு மண்குதிரை செய்யிறவர். பெண்டாட்டியும் மகளும் கம்மாய்க்கரையில புதைஞ்சு கிடக்காங்க. மிச்ச சனம் பொழைப்புத் தேடிக் கடல் தாண்டிக் கண்டிச்சீமைக்குக் கிளம்பிடுச்சாம்.

"நீயும் வா"ன்னு கூப்பிட்டவங்களை வாய்க்கு வந்தபடி ஏசி விரட்டிட்டாராம். பஞ்சம்னு அய்யனாருக்குக் குதிரை செஞ்சு வைக்காம விட்டா அது பாழூரு. அப்புறம் போனவங்க எந்த ஊருக்குத் திரும்புவாங்க?

ஆனா குதிரைக்குப் பிடிமண் வேணும். ஊரு சார்பா இன்னொரு கை ஒரு பிடி மண் அள்ளிக் குடுத்தாத்தான் வேளார் வேலை தொடங்கலாம். தானே அள்ளினா அது வெறும் மண்ணு. குடுக்க ஆளு ஏது? விடிஞ்சா பாதையில வந்து நிப்பாராம். பொழுது சாஞ்சா திரும்புவாராம். பேச்சுக்கு ஆளில்லாம அய்யனாரோடயே மல்லுக்கு நிப்பாராம். "உனக்கு நான், எனக்கு நீ. வாயைத் திறந்தா என்ன கொறஞ்சா போவ?"

பதினோராம் நாளு ஒரு பொம்பளை வந்தா. மைமூன் பீவி, கோரைப்பாய் நெய்யிறவ. புருஷனை வழியில அடக்கம் பண்ணிட்டு, விக்காத ஒரு பாயோட கடற்கரைப் பக்கம் போறா. தண்ணி கேட்டா.

"பானையோட தரேன். ஒரு பிடி மண் அள்ளிக் குடு தாயி, அய்யனார் குதிரைக்கு."

"நான் இந்த ஊரு இல்லையே?"

"இப்ப இங்க நிக்கிறது நீயும் நானும். நான் வேளான். அப்ப நீதான் ஊரு."

"தொழுகுறவ நான், அண்ணே. உருவத்துக்கு உசுரு வைக்கிறது படைச்சவன் வேலை. குதிரைக்குக் கண்ணு திறந்து உசுரு குடுக்க மாட்டேன்னு சொன்னா அள்ளித் தரேன்."

வேளாருக்கு வந்துச்சு பாருங்க கோவம். "குருட்டுக் குதிரையில எங்க சாமி எங்க போவும்?"

"ராத்திரியிலதான காவல் போறாரு? இருட்டுல கண்ணு இருந்து எதைப் பாக்கப் போவுது?"

"ஒத்தைக் கண்ணு?"

"ஆகாது."

"இமையாவது கீறிக்கிறேன்."

"மூடுன இமைன்னா கீறிக்கங்க."

அள்ளிக் குடுத்தா. சும்மா வாங்குன பானைத் தண்ணி தொண்டையில இறங்காதுன்னு பாயை வச்சுட்டா.

"இருந்துட்டுப் போயேன். நாப்பது வீடு கிடக்கு."

"அதுக்கெல்லாம் ஆளு வருவாங்கண்ணே."

போயிட்டா. அவ தலை மறையிற வரைக்கும் நின்னாராம். மறைஞ்ச பிறகும் நின்னாராம்.

காத்து நெருப்பா அடிக்குது. செஞ்சு வச்ச பச்சை மண்குதிரை வெடிச்சிடாம மூட வைக்கோல் இல்லை. அந்தப் பாயை நனைச்சுச் சுத்தினாராம். பிரிச்சா, வயிறெல்லாம் பாய்ப்பின்னல் பதிஞ்சு கிடக்கு. தேய்க்கப் போன கை தேய்க்கலை. சுட விறகில்லை. மத்தவங்க கதவைத் தொடாம, தன் வீட்டுக் கதவை உடைச்சு எரிச்சாராம்.

மூணு வருஷங்கழிச்சு ஆறு குடும்பம் திரும்பிச்சு. எல்லையில குதிரையைப் பாத்துட்டுத்தான் ஊரு இருக்குன்னு உள்ள வந்தாங்களாம். வந்ததும் ஊருக்குத் தலைவரான அம்பலக்காரர், "கண்ணைத் திற, வேளாரே"ன்னு அதட்டினார்.

"மண்ணு குடுத்தவ வந்து சொல்லட்டும், திறக்குறேன்."

அவ வரலை. வேளார் சாகுற வரைக்கும் கண்ணு திறக்க உளி எடுக்கலை.

இன்னிக்கும் அங்க குதிரைக்குக் கண்ணு மூடித்தான் இருக்கும், மேல பாய்ப்பின்னல் இருக்கும். பிடிமண் அன்னிக்கு ஊருக்காரன் மண்ணைத் தொடமாட்டான். மொத்த ஊரும் பாதையில நின்னு, வெளியூர் ஆளு யாராவது வரட்டும்னு காத்திருக்கும். ஒருத்தரும் வராத நாளும் உண்டாம். அன்னிக்குப் பொழுது சாஞ்சா வீட்டுக்குப் போவாங்களாம். விடிஞ்சதும் திரும்ப வந்து நிப்பாங்களாம்.