வாந்தி வராத வண்டி

எலுமிச்சம்பழத்தை முகர்ந்தால் வாந்தி நிற்கும் என்பது சுத்தப் பொய். முகர்ந்தவர்கள் எலுமிச்சை வாசனையோடு வாந்தி எடுப்பார்கள், அவ்வளவுதான். வாயில் கிராம்பு அடக்குவது, பேப்பரை விரித்து அதன்மேல் உட்காருவது, சன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொள்வது எல்லாம் அதே ரகம். கேட்பது மாத்திரை ஒன்றுதான். அதையும் முறையாகப் போட வேண்டும்.

நடந்ததை என் கையால் எழுதித் தருகிறேன் என்று இன்ஸ்பெக்டர் ஐயாவிடம் கேட்டேன், பேப்பர் கொடுத்தார். நான் சொல்லி ஸ்டேஷன் ரைட்டர் எழுதினால் என் தமிழ் கெட்டுப்போகும். அவருக்கு ‘ழ’வும் ‘ள’வும் ஒன்றுதான் என்பதை என் விலாசத்தை எழுதும்போதே கவனித்தேன்.

என் பெயர் பெர்னதெத். மூலக்குளத்தில் வீடு. கணவர் தனிஸ்லாஸ், மில் மூடியதிலிருந்து வீட்டோடும் பாட்டிலோடும் இருக்கிறார். இறந்துபோன இருதயமேரி அவருடைய தங்கை, எனக்கு நாத்தனார். அதே தெருவில் மகள் சிந்தியாவோடு இருந்தாள்.

எங்கள் தெருக்காரர்கள் வருஷா வருஷம் திருவிழாவுக்கு வேளாங்கண்ணிக்கு ஒரே வேனில் போவோம். தெருவுக்குப் பொதுவாக ஒரு ஆரோக்கிய மாதா சுரூபம் உண்டு. கண்ணாடிக் கூண்டுக்குள் நீலப் பட்டு கட்டி நிற்கும். டிரைவர் பக்கத்து முன் சீட்டில் உட்காருபவர் மடியில்தான் அது வர வேண்டும். மடியில் வைத்திருப்பவர்தான் ஜெபமாலையை நடத்த வேண்டும். போய் இறங்கியதும் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு அவர் முதலில் கோயிலுக்குள் நுழைய, மற்றவர்கள் பின்னால் போவோம். யார் ஏற்படுத்திய வழக்கம் என்று தெரியாது, ஆனால் யாரும் மீறியதில்லை.

வேனில் இன்னொரு வழக்கமும் உண்டு, அது ஊர் உலகத்துக்கே பொது. வாந்தி எடுப்பவர்களுக்கு முன் சீட்டு. இந்த இரண்டு வழக்கமும் ஒரே சீட்டில் வந்து உட்கார்ந்ததுதான் வினை. இருதயமேரிக்குக் கடலூர் வருவதற்குள் குமட்டும். அதனால் முன் சீட்டு. முன் சீட்டு என்பதால் மடியில் மாதா. மாதா இருப்பதால் ஜெபமாலை அவள் வாயில். பக்தியால் கிடைக்க வேண்டிய இடம் அவளுக்கு வயிற்றால் கிடைத்தது.

அவள் ஜெபம் சொல்லும் அழகைக் கேட்டிருக்க வேண்டும். ‘அருள் நிறைந்த மரியே’ என்று தொடங்குவாள், பாதியில் “வடிவேலு, ஓரங்கட்டு” என்பாள். டிரைவர் வடிவேல் நிறுத்துவான். இறங்கி எடுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்து, ஏறி உட்கார்ந்து, விட்ட இடத்தை மறந்துவிட்டு வேறு மணியிலிருந்து தொடங்குவாள். வண்டி முழுக்க உச்சுக்கொட்டும். இவ்வளவு கஷ்டத்திலும் ஜெபத்தை விடவில்லை பார் என்பார்கள். எனக்கு ஆயுசில் ஒரு தடவைகூட வண்டியில் குமட்டியது கிடையாது. அதற்காக ஒருவரும் என்னை மதித்ததில்லை. பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும் சீட்டில், இட்லிக் குண்டானைக் காலிடுக்கில் பிடித்துக்கொண்டு, அவள் விட்ட மணியை நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டு வருவேன். வயிறு எரியும். இதில் மறைக்க என்ன இருக்கிறது.

ஆனாலும் நான் நியாயமான வழியைத்தான் முதலில் பார்த்தேன். வாந்தி நின்றுவிட்டால் அவளுக்கு முன் சீட்டு தேவைப்படாது. எனவே மெடிக்கலில் விசாரித்து, தெரு முழுவதற்கும் மாத்திரை கொடுக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். வண்டி கிளம்பிய பிறகு போட்டால் பிரயோஜனமில்லை, அரை மணி முன்னால் போட வேண்டும். வேன் படியில் நின்று ஒவ்வொருவர் கையிலும் வைப்பேன். எங்கள் தெரு மரிய அருண் மட்டும் பூசையில் சாமியாரிடம் நன்மை வாங்குகிற மாதிரி நாக்கை நீட்டுவான், ஒரு தட்டு தட்டி கையில் கொடுப்பேன். அவன் சின்ன மகள் அபிக்கு டாக்டரைக் கேட்டு, அவர் சொன்ன சின்ன அளவுதான். வடிவேலுக்குக் கிடையவே கிடையாது. தூக்கம் வரும் மாத்திரை, ஓட்டுகிறவன் போடலாமா? அவன் ஒரு முறை, மாதா பிரசாதம் மாதிரி எனக்கும் கொடுங்கம்மா என்று கையை நீட்டினான். ஆரஞ்சு மிட்டாய் கொடுத்து அனுப்பினேன். என் கணவருக்கும் கிடையாது. குடிப்பவர்களுக்கு இது ஆகாது என்று சொல்லிவிட்டேன். அவரும் பெருந்தன்மையோடு மாத்திரையைத்தான் விட்டுக்கொடுத்தார்.

இதையெல்லாம் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. கவனக்குறைவு என்று ஒரு வார்த்தை இங்கே அடிபடுகிறது. எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மாத்திரை நன்றாக வேலை செய்தது. இருதயமேரி ஒரு சொட்டு எடுக்கவில்லை. மறு வருஷம், நீ பின்னால் உட்காரேன் என்று பக்குவமாகச் சொன்னேன். முன் சீட்டில் உட்கார்ந்தால்தான் தனக்கு மாத்திரை கேட்கிறது என்றாள். தெருவே தலையாட்டியது. வாந்தியும் எடுக்காமல் முன் சீட்டையும் விடாமல் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், அதற்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தவள் நான். அன்றைக்கு வேளாங்கண்ணி போய்ச் சேரும்வரை என் கையிலிருந்த ஜெபமாலையில் ஒரு மணிகூட நகரவில்லை.

அவளுடைய வீட்டுக்காரர் ஒரு சொல்தா, பட்டாளக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று, இங்கே வந்து செத்தார். மகன் ஜோசப் ஆனந்த் பிரான்சிலேயே தங்கிவிட்டான். இரவில் தூக்கமில்லை என்று அவள் புலம்பியதும் அங்கிருந்து மாத்திரை கொண்டுவந்து கொடுத்தான். டப்பாவுக்குள் மடித்த தாள் முழுக்க பிரெஞ்சு. எங்கள் தெருவில் கன்னியர் பள்ளியில் பிரெஞ்சு படித்தவள் நான் ஒருத்திதான். வெளிநாட்டு டப்பா எதுவானாலும் என்னிடம்தான் வரும். மருந்து, ஷாம்பு, ஒரு தடவை எலி பாஷாணம்கூட வந்திருக்கிறது, மூட்டுவலித் தைலம் என்று நினைத்துக் கொண்டுவந்தார்கள். எல்லாருக்கும் உள்ளது உள்ளபடி படித்துச் சொல்லியிருக்கிறேன்.

இந்த வருஷம் பயணத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு இருதயமேரி அந்த டப்பாவோடு வந்தாள். “அண்ணி, இத வாந்தி மாத்திரையோட போட்டுக்கலாமான்னு பாத்து சொல்லுங்க” என்றாள். தாளைப் பிரித்துப் பார்த்தேன். தூக்கம் வரவழைக்கும் வேறு மருந்துகளோடு சேர்க்கக் கூடாது, மூச்சு மந்தமாகி உயிருக்கே ஆபத்து வரலாம் என்று தடித்த எழுத்தில் இருந்தது. ஏற்கெனவே மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் தொடவே கூடாது என்று அடுத்த வரி. அவளுக்கு வீசிங் உண்டு. மாடிப்படி ஏறினால் இழுக்கும்.

முதலில் பிரெஞ்சிலேயே வாய்விட்டுப் படித்தேன். நான் பிரெஞ்சு படித்தால் அவளுக்கு வீட்டுக்காரர் ஞாபகம் வரும், கண்ணை மூடிக் கேட்பாள். பிறகு தமிழில் சொன்னேன். தாராளமாகச் சேர்த்துப் போடலாம், பயணம் போகிற அன்று காலையிலும் ஒன்று போட்டுக்கொண்டால் மனசு அமைதியாக இருக்கும் என்று போட்டிருக்கிறது என்றேன். மொழிபெயர்ப்பில் கொஞ்சம் சுதந்திரம் எடுத்துக்கொண்டேன். “மெர்சி, அண்ணி” என்றாள். நன்றி என்று அர்த்தம், அவளுக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சு வார்த்தை அது.

அவளைக் கொல்ல நான் நினைக்கவில்லை. அவள் தூங்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். தூங்குகிறவள் மடியில் மாதாவை வைக்க முடியாது.

பயணத்தன்று விடியற்காலை வேன் வந்தது. அவளால் மாத்திரையை முழுசாக முழுங்க முடியாது, நான்தான் பொடித்துக் காப்பியில் கலந்து கொடுப்பது வழக்கம். அன்றைக்குச் சுக்குக் காப்பி. கசப்பு தெரியாது. ஒரு ஆளுக்கு ஒன்று என்பது கணக்கு, நான் பொடித்தது ஒன்று அல்ல. பிரெஞ்சு மாத்திரையை வீட்டிலேயே பொடித்துப் போட்டுக்கொண்டு வந்துவிட்டதாக அவள் சொன்னாள். காப்பியைக் குடித்தாள். வழக்கம்போல் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள், மாதாவை அவள் மடியில் நானே வைத்தேன்.

ஊர் எல்லை தாண்டுவதற்குள் அவள் தலை சாய்ந்துவிட்டது. கண்ணாடிக் கூண்டு சரிய, வடிவேல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, யாராவது வாங்கிக்கங்க என்றான். நானும் சிந்தியாவும் அவளைத் தூக்கிப் பின் சீட்டில் படுக்க வைத்தோம். கனமாக இருந்தாள். நான் முன்னால் போய் உட்கார்ந்தேன். மாதா என் மடியில் வந்தார்கள். எதிரே கண்ணாடி, விரிந்த ரோடு, ஒருத்தர் தலையும் மறைக்கவில்லை. இவ்வளவு நாள் அவள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டா வாந்தி எடுத்தாள் என்று தோன்றியது.

ஜெபமாலையை நான் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். ஒரு மணி தவறவில்லை. எல்லாரும் ஒரே குரலில் பதில் சொன்னார்கள். தனிஸ்லாஸ்கூடக் கண் விழித்திருந்தார். பின்னால் இருதயமேரியின் குறட்டை கேட்டுக்கொண்டே வந்தது. சிதம்பரம் நெருங்கும்போது அது விட்டுவிட்டுக் கேட்டது. சிந்தியா எழுந்து முன்னால் வந்தாள். “அத்தே, அம்மா என்னமோ மாரி மூச்சு வுடுது. எழுப்புனா எழுந்துக்கல. வண்டிய நிறுத்துங்க, பாத்துடலாம்” என்றாள்.

ரோட்டோரம் ஒரு ஆஸ்பத்திரி போர்டு வந்தது. சிவப்புச் சிலுவை போட்டு, இருபத்திநாலு மணி நேரமும் என்று எழுதியிருந்தது. வடிவேல் வேகத்தைக் குறைத்து என் முகத்தைப் பார்த்தான். மாதாவை வைத்திருப்பவர் சொன்னால்தான் அவன் நிறுத்துவான், அதுவும் எங்கள் வண்டி வழக்கம்.

அப்போது ஜெபமாலையின் ஐந்து தேவ இரகசியத்தில் நான்காவதில் இருந்தோம். மாத்திரை போட்டால் இப்படித்தான் அசந்து தூங்குவார்கள், தூங்குகிறவளை எழுப்பினால் வாந்தி வரும் என்றேன். ஐந்தாவது முடியட்டும், பார்க்கலாம் என்றேன். மாத்திரை விஷயத்தில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. சிந்தியா திரும்பிப் போய் அம்மா தலையை மடியில் வைத்துக்கொண்டாள். ஐந்தாவது முடிந்தது. பிறகு மாதா பிரார்த்தனை. அதையும் பாதியில் விட மனசு வரவில்லை, நான் நடத்தும் முதல் தடவை அல்லவா. குறட்டை சத்தம் எந்த இடத்தில் நின்றது என்று ஐயா கேட்டீர்கள். மாதா பிரார்த்தனையில் ‘நோயாளிகளுக்கு ஆரோக்கியமே’ என்ற இடத்தில் எனக்குக் கேட்கவில்லை. அதற்கு முன்பே நின்றிருக்கலாம்.

பிரார்த்தனை முடிந்ததும் மாத்திரை அசதியில் சிந்தியாவும் மற்றவர்களும் கண்ணயர்ந்துவிட்டார்கள். காரைக்காலில் டீ குடிக்க நிறுத்தியபோதுதான் எல்லாரும் பார்த்தார்கள். நல்ல சாவு என்றுதான் ஊரே சொன்னது. மாதாவிடம் போகிற வழியில், ஜெபம் கேட்டுக்கொண்டே, ஒரு வலி இல்லாமல். சாமியார் பிரசங்கத்திலேயே அதைச் சொன்னார். நானும் அழுதேன். அழுகை உண்மைதான், எனக்கு இருந்தவள் ஒரே நாத்தனார்.

நான் மாட்டிக்கொண்டது ஒரு செல்போனால். சிந்தியா அம்மாவின் தலைமாட்டிலிருந்த டப்பாவை எடுத்து, தாளைப் போனில் படம் பிடித்திருக்கிறாள். போன் தமிழில் போட்டுக் கொடுத்துவிட்டது. ஐயா காட்டியபோது நானும் அந்தத் தமிழைப் படித்தேன். படு மோசம். இரண்டு வரியில் ஐந்து பிழை. ஆனால் அந்தத் தடித்த எழுத்து வரியை மட்டும் ஒழுங்காகப் போட்டுத் தொலைத்திருக்கிறது. காப்பியில் என்ன இருந்தது என்பதைப் புதைத்தவளைத் தோண்டியெடுத்துப் பரிசோதித்த டாக்டர் எழுதிவிட்டார். சிந்தியா இங்கே வந்து என் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

அன்றைக்கு அந்த வண்டியில் ஒருவர்கூட வாந்தி எடுக்கவில்லை. இதையும் கேஸ் கட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.

கடைசியாக ஒன்று. கலந்த பிறகு நிறுத்த எனக்குச் சந்தர்ப்பம் இருந்ததா என்று ஐயா கேட்டபோது, இல்லை என்று வாயால் சொன்னேன். எழுத்தில் பொய் எழுத எனக்கு வராது.

அன்று காலை மற்றவர்கள் மூட்டைகளை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இருதயமேரி வேன் பக்கத்தில் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து ஊதிக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. பக்கத்தில் யாரும் இல்லை.

“அண்ணி, இந்த வருசம் மாதாவ நீங்க வெச்சிக்கங்க” என்றாள். “எனக்கு மூச்சு வாங்குது, ஜெபம் சொல்ல முடியல. சொல்லப்போனா உங்களுக்குத்தான் அது சரியா வரும். நான்தான் இத்தினி வருசமா வுடாம உக்காந்துகினு இருந்துட்டேன்.”

எத்தனை வருஷமாக நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் கொடுத்து நான் வாங்கிக்கொண்டேன் என்று ஆகிவிடும். வேளாங்கண்ணி போய்ச் சேரும்வரை, பார் என் அண்ணிக்கு விட்டுக்கொடுத்தேன் என்று அவள் பின்னால் உட்கார்ந்து எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வருவாள். தெரு மறுபடியும் அவளுக்குத்தான் உச்சுக்கொட்டும்.

நான் ஏதாவது சொல்வேன் என்று அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“காப்பி ஆறுது, குடி” என்றேன்.