இடது இன்ஜின் ஓடிய மணி நேரம்

பகல் பன்னிரண்டரை. புதுக்கோட்டை ரோட்டில் ஏரோட்ரோம் கைகாட்டி... அங்கே பஸ்ஸை விட்டு இறங்கினாள் அமலராணி. ஞாயிற்றுக்கிழமை. சித்திரை வெயில். அங்கிருந்து விமான ஷெட்டுக்கு ஒரு மைல் நடக்கவேண்டும். வழியில் மரம் கிடையாது. ஆள் கிடையாது.

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? இதோ உட்கார்ந்திருக்கிற நம் பேட்ரிசியாவின் பெரியம்மாதான் இந்த அமலராணி. அறுபத்தொன்றாம் வருஷம் அவளுக்கு நடந்தது இது. விளக்கு அப்படியே இருக்கட்டும்... கிட்டே வந்து உட்காருங்கள்.

அன்று அவளுக்குப் பயமே இல்லை. கோபம். காலையில் பாலக்கரை மாதா கோயில் பூசையில், அவளுடைய மானேஜர் தைரியராஜ் முதல் ஆளாகப் போய் முழந்தாளிட்டு, நாக்கை நீட்டி நன்மை அப்பம் வாங்கினார். பூசை முடிந்து அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே பஸ் ஏறிவிட்டாள்.

கம்பெனியின் பெயர் வேண்டாம். ஒரே ஒரு டகோட்டா விமானம். தினமும் பகலில் யாழ்ப்பாணத்துக்கு வெற்றிலைக் கூடை ஏற்றிப் போய்த் திரும்பும். அமலராணிக்கு லாக் புக் எழுதுகிற வேலை. லாரி நடுவழியில் நின்றால் இறங்கித் தள்ளலாம்... விமானம்? அதனால் ஒவ்வொரு இன்ஜினும் எத்தனை நேரம் ஓடியது என்று நிமிஷம் விடாமல் எழுதவேண்டும். ஆயிரம் மணி ஆனால், நன்றாக ஓடினாலும் சரி, கழற்றி, பிரித்துப் புதுப்பிக்க ஓவர்ஹாலுக்கு அனுப்பியே ஆகவேண்டும். விமானி பறந்த நேரத்தைச் சீட்டில் குறித்துத் தருவார். அவள் புத்தகத்தில் ஏற்றிக் கூட்டுவாள்.

இடது இன்ஜின் தொள்ளாயிரம் மணியை எட்டியபோது தைரியராஜ் சொன்னார், "ரெண்டே கால் மணி பறந்தா ஒண்ணே கால்னு போடும்மா. மாத்து இன்ஜின் வர்ற வரைக்கும்தான்."

அப்பா இல்லாத வீடு. கீழே இரண்டு தங்கைகள். போட்டாள். மூன்று மாதம் போட்டாள். விமானியின் சீட்டுகளை மானேஜரே ஷெட்டுக்குப் பின்னால் தகர டிரம்மில் எரித்தார்.

மெக்கானிக் பிச்சமுத்து மட்டும் ஏமாறவில்லை.

"இது ஆயிரத்தை எப்பவோ தாண்டிடுச்சு சார். எண்ணெய்ல இரும்புத்தூள் வருது. நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"அவ்வளவு சந்தேகமா இருந்தா நீயும் ஏறிப் போய்ப் பாருய்யா," என்றார் மானேஜர்.

புதன்கிழமை பிச்சமுத்து ஏறினார். "பைலட் ரெண்டும் சின்னப் பசங்கம்மா, தனியா விட மனசு வரலை," என்று அமலராணியிடம் சொல்லிவிட்டு ஏறினார். கிளம்பின மூன்றாவது நிமிஷம் இடது இன்ஜின் இறுகி நின்றது. ஓடுதளத்துக்குத் தெற்கே கருவேலங்காட்டில் விழுந்தது விமானம். மூன்று பேரும் போனார்கள்.

வெள்ளிக்கிழமை ஸ்ரீரங்கம் மூலத்தோப்பிலிருந்து பிச்சமுத்துவின் மனைவி சந்திரம்மாள் வந்தாள், புருஷனுடைய துணிமணியை வாங்கிப்போக. மானேஜர் நாற்காலியை விட்டு எழவில்லை.

"உங்க வீட்டுக்காரர் எண்ணெய்க் குழாயைச் சரியா முடுக்கலைம்மா. அவரால மூணு உயிர் போச்சு. திங்கக்கிழமை விசாரணையில நான் அதைத்தான் சொல்லணும்."

சந்திரம்மாள் அழவில்லை. அமலராணி பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கம்மா. அவரு அப்படிப்பட்ட ஆளா?"

அமலராணி டைப்ரைட்டரைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

அந்தக் குனிவு அவளை இரண்டு நாளாகத் தின்றுகொண்டிருந்தது.

சரி... ரோட்டுக்கு வருவோம்.

பாதி தூரம் போயிருப்பாள். காக்கைச் சத்தம் நின்றது. காற்று நின்றது. அப்புறம்... இருமல் மாதிரி ஒரு சத்தம். நின்றது. மறுபடி இருமியது. பிடித்துக்கொண்டு உறுமியது. நடுநடுவே ஒரு துடிப்பு தவறுகிற உறுமல். மூன்று மாதமாகத் தினமும் கேட்டது... தெரியாதா அவளுக்கு? இடது இன்ஜின். கருகிய எண்ணெய் வாடை வந்தது. கூடவே, தீயில் வதங்கின வெற்றிலை வாடை.

அண்ணாந்து பார்த்தாள். வெறும் வானம்.

ஆனால் எதிரே தார் ரோட்டில் நிழல் வந்துகொண்டிருந்தது. இரண்டு இறக்கை. நடுவில் உடம்பு. நிதானமாக வந்து... அவள் மேல் ஏறி... கடந்து போனது. அந்த ஒரு நொடி, கிணற்றுக்குள் இறங்கினாற்போல் சில்லென்று இருந்தது. பிறகு மறுபடி வெயில்.

அவள் திரும்பவில்லை. நடந்தாள்.

ஆபீஸைத் திறந்தாள். பீரோவைத் திறந்து லாக் புக்கை எடுத்தாள். உண்மையை எழுதிவிடுவது என்றுதான் வந்தாள். ஆனால் சீட்டெல்லாம் சாம்பல். எந்த நாள் எத்தனை நிமிஷம் என்று எப்படி எழுதுவாள்?

புத்தகத்தைப் பிரித்தாள்.

அவள் எழுதிய பொய் ஒவ்வொன்றும் அடிக்கப்பட்டிருந்தது... காகிதம் கிழிகிற மாதிரி அழுத்தி. பக்கத்திலேயே சரியான நேரம். ஏழின் நடுவில் ஒரு குறுக்குக் கோடு. அந்த ஆபீஸில் ஏழை அப்படி எழுதுகிறவர் பிச்சமுத்து ஒருவர்தான். கடைசியில் கூட்டு: ஆயிரத்து எழுபத்தேழு மணி. தொட்டாள். மை விரலில் ஒட்டியது.

"நீங்க எழுதிட்டீங்க அண்ணே... நான் கையெழுத்துப் போடறேன்," என்றாள் காலி அறையில். பொய் எழுதினது நான்தான் என்று ஒவ்வொரு வரிக்கும் எதிரே தன் பெயரைப் போட்டுக்கொண்டே வந்தாள்.

கடைசிக் கையெழுத்துப் போடும்போது வாசலில் கார் வந்து நின்றது. தைரியராஜ். விசாரணைக்கு முன்னால் அவருக்கும் அந்தப் புத்தகம் வேண்டியிருந்தது.

பக்கத்தைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "யாருடி எழுதினது?"

"மூணு பேரைக் கொன்னுட்டு நன்மை வாங்கத் தெரியுதுல்ல? நல்லாப் பாருங்க சார். யார் எழுத்துன்னு உங்களுக்கே தெரியும்."

பிடுங்கிக்கொண்டு ஷெட்டுக்குப் பின்னால் ஓடினார். அவளும் ஓடினாள். டிரம் அருகே நின்று தீக்குச்சியை உரசினார். அணைந்தது. இன்னொன்று. அணைந்தது. ஒரு புல்கூட அசையவில்லை... அவர் சட்டை மட்டும் நெஞ்சோடு ஒட்டிப் படபடத்தது. தலைமயிர் பின்னால் பறந்தது. எதிரே வெட்டவெளி. அந்த வெட்டவெளி உறுமியது.

புத்தகம் பிடித்திருந்த வலது கையை முகத்துக்கு மறைவாக நீட்டினார்...

ஒரே சத்தம். கரும்பை வெட்டுகிற சத்தம்.

புத்தகம் அமலராணியின் காலடியில் வந்து விழுந்தது. அவருக்கு மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

ஆள் பிழைத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் டாக்டர் காயத்தைப் பார்த்ததும் கேட்டாராம், "எந்த விமானத்தோட புரொப்பெல்லர் வெட்டினது இது?" அன்றைக்கு ஏரோட்ரோமில் விமானமே கிடையாது.

விசாரணையில் அமலராணி புத்தகத்தைக் கொடுத்தாள். தான் செய்ததையும் சொன்னாள். வேலை போயிற்று. கம்பெனியை மூடினார்கள். பிச்சமுத்து மேல் குற்றமில்லை என்று வந்த காகிதத்தை ஸ்ரீரங்கத்துக்கு எடுத்துப் போய்ச் சந்திரம்மாளுக்கு வாசித்துக் காட்டினாள். முழுக்கக் கேட்டுவிட்டு, "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா," என்று கதவைச் சாத்திக்கொண்டாள் சந்திரம்மாள்.

இன்னும் ஒன்று இருக்கிறது.

திங்கட்கிழமை காலையில் விசாரணை அதிகாரிகள் கருவேலங்காட்டுக்குப் போனார்கள். உடைந்த விமானத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, புதன்கிழமையிலிருந்து காத்தான் என்ற போலீஸ்காரர் காவல் இருந்தார். ஒருத்தரும் கிட்டே வரவில்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். இடது இன்ஜின் பாதி மண்ணில் புதைந்து கிடந்தது. அதன் புரொப்பெல்லர் விசிறியில் ஒரே ஒரு தகடு மட்டும் வளைந்து மேலே நின்றது...

அதில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. ரத்தம் இன்னும் ஈரம் காயவில்லை.