என் அதிகாரம் தொடங்கும் நேரம்

அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்கள். சவ அடக்க நிலையத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் நாற்காலியின் விளிம்பில்தான் உட்காருகிறார்கள். அப்பா காலத்திலிருந்து பார்த்து எனக்குப் பழகிவிட்டது.

வந்ததும் வராததுமாக, இந்தக் கவுண்டிக்கு யார் பொறுப்பு என்று கேட்டீர்கள். யாரும் இல்லை என்றேன். நான் மழுப்புவதாக நினைத்தீர்கள், முகத்திலேயே தெரிந்தது. நீங்கள் தலைநகரத்து அதிகாரி, உங்களுக்கு மேலே ஒருவர், அவருக்கு மேலே இன்னொருவர் என்று பழக்கம். இங்கே அப்படி இல்லை. சாலையும் ஆம்புலன்சும் மூன்று கமிஷனர்கள் கையில். போலீசும் சிறையும் ஷெரிஃப் கையில். நிலப் பத்திரத்துக்கு ஒருவர், வரி மதிப்புக்கு ஒருவர். எல்லோரும் ஓட்டு வாங்கி வந்தவர்கள், ஒருவருக்கு ஒருவர் மேலதிகாரி கிடையாது. அடுத்தவர் அறையில் மூக்கை நுழைக்காமல் இருப்பதுதான் எங்கள் ஊரில் மரியாதை.

நான் மரண விசாரணை அதிகாரி. அதற்கு டாக்டர் படிப்பு வேண்டாம், தேர்தலில் ஜெயித்தால் போதும். பிணத்தை ஏற்றிவர வண்டி வைத்திருப்பவன் இந்தக் கவுண்டியிலேயே நான் ஒருவன்தான், ஆகையால் இருபத்திரண்டு வருடமாக என்னை எதிர்த்து யாரும் நின்றதில்லை. சிறையில் ஒருவர் இறந்தால் அது இயற்கையான சாவா இல்லையா என்று எழுதுவது என் வேலை. டாராவுக்கு முன்னால் ஆறு பேர். ஆறுக்கும் இயற்கை என்றுதான் எழுதினேன்.

டாரா பிரூட்டுக்கு இருபத்தாறு வயது. காலாவதியான லைசென்சோடு கார் ஓட்டிய வழக்கில் கோர்ட்டுக்கு வரவில்லை என்று செவ்வாய்க்கிழமை பிடித்துப்போட்டார்கள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை வியாதி, வேளாவேளைக்கு இன்சுலின் போட்டாக வேண்டும். அவள் அம்மா லோர்னா கவுண்டிக் கட்டடத்தில் இரண்டாவது மாடியில், பிறப்பு இறப்புப் பதிவில் வேலை பார்க்கிறவள். நான் எழுதும் ஒவ்வொரு மரணச் சான்றிதழிலும் விழுவது அவள் முத்திரைதான்.

புதன்கிழமை லோர்னா மகளின் மருந்தை ஐஸ் பையில் வைத்துக்கொண்டு அந்தக் கட்டடம் முழுக்க ஏறி இறங்கினாள். வெளி மருந்து வாங்க மாட்டோம், சிறை டாக்டரைக் கேளுங்கள் என்று ஷெரிஃப் ஆபீசில் சொன்னார்கள். டாக்டரை நியமிப்பது கமிஷனர்கள், அந்த இடம் மார்ச்சிலிருந்து காலி. கமிஷனர்கள் மாதத்தில் இரண்டு திங்கட்கிழமைதான் கூடுவார்கள். நீதிபதியின் குமாஸ்தா, விசாரணை வெள்ளிக்கிழமை பிற்பகல், அதற்கு முன்னால் எதுவும் செய்ய முடியாது என்றாள். யாரும் அவளிடம் கடுமையாகப் பேசவில்லை. ஒவ்வொருவரும் அடுத்த கதவைக் காட்டினார்கள், சிலர் கூடவே நடந்து வந்தும் காட்டினார்கள்.

கடைசியில் என்னிடம் வந்தாள். எங்கள் மாநிலத்தில் ஒரு பழைய சட்டம் உண்டு. ஷெரிஃபைக் கைது செய்ய கவுண்டியில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் அதிகாரம், அது மரண விசாரணை அதிகாரிக்கு. தலைநகரத்து ஆட்களுக்குக்கூட இல்லை. அந்தக் கட்டடத்தில் வேலை பார்க்கிறவளுக்கு இது தெரியாமல் இருக்குமா?

"வெர்ன் வேற யாருக்கும் அடங்க மாட்டார், ஆர்வில். நீங்க சொன்னா கேட்டுத்தான் ஆகணும். ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். சொல்லவும் சொன்னேன், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஷெரிஃப் வெர்ன் ஹாஸ்கிலும் நானும் வியாழக்கிழமைதோறும் ஒன்றாகத்தான் காலைச் சாப்பாடு சாப்பிடுவோம். அந்தப் பெண் வாந்தி எடுக்கிறாளாமே என்றேன். "போதை இறங்குது, வேற என்ன. நடிக்கிறா, ஆர்வில். நீ சாப்பிடு, ஆறிடப் போவுது" என்றான். சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு அவன் போன் செய்தான், வண்டியை எடுத்துக்கொண்டு வா என்று. போனேன். நான்காவது அறையில் அவள் தரையில் கிடந்தாள். மூச்சு வேகமாக வந்துகொண்டிருந்தது, அதில் அழுகிய பழ வாடை. இது இன்னும் முடியவில்லையே வெர்ன், என்றேன். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

அவன் என்னைத் தாழ்வாரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனான். "ஆம்புலன்ஸ்ல ஏத்துனா பக்கத்து கவுண்டி ஆஸ்பத்திரிலதான் போய்ச் சாவா. அங்க சாவ விசாரிக்கிறவ உன் மாதிரி இல்லப்பா, டாக்டருக்குப் படிச்ச பொம்பள. குடைஞ்சு எடுத்துருவா. இங்கயே முடிஞ்சா உன் கேசு."

அவன் சொன்னதில் சட்டப்படி பிழை எதுவும் இல்லை. உயிரோடு இருக்கும் கைதி ஷெரிஃப் பொறுப்பு. ஆம்புலன்சைக் கூப்பிடுவதும் கூப்பிடாததும் அவன் பாடு. என் அதிகாரம் கடைசி மூச்சுக்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஆகையால் ஒரு நாற்காலி கேட்டு வாங்கிப் போட்டு உட்கார்ந்தேன். என் சட்டைப்பையில் போன் இருந்தது. எப்படியும் கேட்பீர்கள், நானே சொல்லிவிடுகிறேன்.

இடையில் ஒருமுறை அவள் கண்ணைத் திறந்து என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"எங்க தாத்தாவ நீங்கதானே அடக்கம் பண்ணீங்க?"

"ஆமாம்மா."

"அப்போ நான் செத்துட்டேனா?"

"இன்னும் இல்லம்மா" என்றேன்.

பொய் சொல்ல மனம் வரவில்லை. தண்ணீர் கேட்டாள். கைதிக்கு எதுவும் கொடுப்பது காவலாளி வேலை, அவனோ பக்கத்து அறையில் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தான். சொல்லலாம் என்று எழுந்தேன். அதற்குள் அவள் மறுபடி கண்ணை மூடிவிட்டாள், நானும் உட்கார்ந்துவிட்டேன். பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு மூச்சு நின்றது. இயற்கை மரணம், மாரடைப்பு என்று எழுதினேன். எந்த நோயானாலும் கடைசியில் இதயம்தானே நிற்கிறது.

நான் மாட்டிக்கொண்டது என் ஒழுங்கினால்தான். திங்கட்கிழமை லோர்னா இங்கே வந்தாள். அவள் மகளுக்கு நான் தலை வாரிக்கொண்டிருந்தேன். அவள் ஆபீசில் மற்றவர்கள் அந்தச் சான்றிதழை வேறு யாரையாவது வைத்துப் பதிந்துகொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். விடவில்லை அவள், என் வேலை, நான்தான் செய்வேன் என்று தானே பதிந்துவிட்டு, அதன் நகலோடு வந்திருந்தாள்.

"ஜெயில் சாவு ஆறுக்கும் 'காலையில் இறந்து கிடந்தார்'னுதான் எழுதியிருக்கீங்க. எல்லாம் என் கையால பதிஞ்சதுதான். இதுல மட்டும் நிமிஷம் போட்டிருக்கு. யார் கடிகாரத்தப் பாத்துக்கிட்டு இருந்தது?"

"நான்தான்" என்றேன்.

அவள் அழவில்லை. சீப்பை என் கையிலிருந்து வாங்கி மிச்சத்தை அவளே வாரி முடித்தாள். பிறகு, "இப்பவாவது போய் அவரப் புடிங்க, ஆர்வில். உங்களால மட்டும்தான் முடியும். எனக்காக வேண்டாம், அடுத்தது யாரோ வருவாங்கல்ல, அவங்களுக்காக" என்றாள். பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

அவள் தலைநகரத்துக்கு எழுதியிருக்கிறாள், நீங்கள் வந்திருக்கிறீர்கள். மேசைமேல் நீங்கள் வைத்திருக்கும் வாரண்டையும் படித்தேன். வெர்ன் பெயர் சரியாகவே இருக்கிறது. அதை அவனிடம் கொடுத்து அவனைக் கைது செய்ய என்னைக் கூப்பிடுகிறீர்கள். என்னால் முடியாது. இன்று காலை எட்டு மணிக்கு நான் ராஜினாமா செய்துவிட்டேன். காலியான இடத்துக்குக் கட்சிக் குழுதான் ஆள் போடும், வியாழக்கிழமை கூடுகிறார்கள். குழுத் தலைவி வெர்னின் மனைவி, அவன் மருமகனைத்தான் போடப்போவதாகப் பேச்சு. நல்ல பையன். அவன் வந்ததும் வாரண்டை அவனிடம் கொடுத்துப் பாருங்கள்.

தப்பிப்பதற்காக விலகினேன் என்று எழுதிவிடாதீர்கள். என்னைக் கைது செய்ய உங்களுக்கு எந்தத் தடையும் இல்லை, என் கோட்டை மாட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன். ஒரு பெண் சாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தவன் அந்தப் பதவியில் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது என்று என் மனசாட்சி உறுத்தியது. கடிதத்தில் அப்படித்தான் இருக்கிறது, வாசித்துப் பாருங்கள். எனக்கு அவ்வளவு கோவையாக எழுத வராது. நேற்று சாயங்காலம் வெர்ன்தான் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தான், மனசாட்சி என்ற வார்த்தையைப் போட்டதும் அவன்தான்.