டாமெல் என்றொரு சொல்

சமைக்கும்போது முன்னால் கட்டும் துணியை ஏப்ரன் என்கிறோமே, இன்ஸ்பெக்டர், அதற்குப் பழைய பெயர் நேப்ரன். ‘எ நேப்ரன்’ என்று சொன்னதை யாரோ ‘அன் ஏப்ரன்’ என்று காதில் வாங்கினார்கள். அதற்காக ஒருவரையும் தூக்கில் போடவில்லை. பிழையில் பிறந்தாலும் நாலு பேர் வாயில் புழங்கிவிட்டால் அது சொல்தான்.

யார்க் நகரத்து அகராதி அலுவலகத்தில் முப்பத்தொரு வருடமாகச் சொற்களுக்குப் பொருளும் பிறப்பும் எழுதுகிறேன். ‘டாமெல்’ நான் எழுதியது. வாசகர் ஒருவர் பழைய புத்தகத்திலிருந்து எடுத்தெழுதி அனுப்பிய சீட்டில் ‘அந்தியில் வயலெங்கும் டாமெல்’ என்று இருந்தது. தாழ்ந்து படரும் மாலைப்பனி என்று பொருள் கொடுத்தேன். ஆவியைக் குறிக்கும் டச்சுச் சொல்லிலிருந்து வந்தது என்றும் எழுதினேன். அச்சாகிப் பதினெட்டு வருடம். எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கே அந்தப் பெயர்.

ஆஸ்க்கம் என் உதவி ஆசிரியன். கெட்டிக்காரன், அதை மறுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மதியம் அந்தப் பழைய புத்தகத்தையே தேடிப் பிடித்துக் கொண்டுவந்தான்.

“சார், உங்க பனி பனியே இல்ல. டார்னெல். கோதுமைல முளைக்கிற களை. சீட்டுல ‘ஆர்’, ‘என்’ ரெண்டு எழுத்தும் ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு, நீங்க ‘எம்’முனு படிச்சுட்டீங்க.”

“அதுக்கு இப்ப என்னப்பா?”

“அடுத்த பதிப்புல தூக்கிடலாம் சார்.”

“போன ஞாயித்துக்கிழமை பாதிரியார் பிரசங்கத்துலயே அந்த வார்த்தையச் சொன்னாரே.”

“பாவம், அவரும் உங்கள நம்பிட்டாரு.”

சிரித்தான். என் பெயருக்காக நான் எதுவும் செய்யவில்லை. உயிரோடு இருக்கும் ஒரு சொல்லைக் கொல்ல வந்தவனைத் தடுத்தேன், அவ்வளவுதான்.

பழைய சீட்டைக் காட்டுவதற்காக ஏணியில் ஏறினான். வழக்கம்போல் அடியில் நான் பிடித்திருந்தேன். அவன் மேல் தட்டை எட்டியபோது இழுத்துவிட்டேன். விழுந்தும் உயிர் இருந்தது. “சார், கையக் குடுங்க” என்றான். எங்கள் அகராதியின் ‘டி’ தொகுதி பதினோரு பவுண்டு எடை. அதை முகத்தில் வைத்து, அவன் கால்கள் அடங்கும்வரை அழுத்தினேன். பிறகு நான்கு பக்கம் மெய்ப்புத் திருத்தினேன்.

வருத்தமா என்று கேட்கிறீர்கள். இல்லை.

அவன் சட்டைப்பையில் இருந்ததாக ஒரு திருத்தச்சீட்டைக் காட்டுகிறீர்கள். அவன் கையெழுத்துதான். ‘டாமெல்: நீக்குக. அச்சுக்கோத்தவர் பிழை.’ என் பெயரைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதியிருக்கிறான் என்கிறீர்கள்.

நீங்களே பாருங்கள். நடக்காத அச்சுப்பிழையை ஒரு சொல்லின் பிறப்பென்று எழுதியிருக்கிறான். இப்படிப்பட்டவனை நம்பி ஓர் அகராதியை ஒப்படைக்க முடியுமா?