ஓட்டையை மூடும் காகிதம்

நான் வகுப்புக்கு ஒரு நாளும் தாமதமாகப் போனதில்லை, ஐயா. அந்த வியாழக்கிழமையும் மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே உட்கார்ந்துவிட்டேன். வருகைப் பதிவேட்டில் இருக்கும்.

பகலில் முள்ளிப்பட்டில் வீட்டிலேயே ஜக்கார்டு அட்டைகளைச் சரிசெய்வேன். சேலையில் பூ எங்கே விழ வேண்டும் என்று தறிக்குச் சொல்வது அந்த அட்டையின் ஓட்டைகள்தான். தவறாகக் குத்திய ஓட்டைமேல் துண்டுக் காகிதம் ஒட்டினால் அந்த இழை எழும்பாது. சாயங்காலம் ஆரணியில் லேப் டெக்னீஷியன் வகுப்பு. அம்மாவுக்கு மார்பில் வந்த புற்றுநோய் முதுகெலும்பு வரை எப்படிப் போனது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

செவ்வாயன்று கமலக்கண்ணன் சார் மைக்ரோ ஆர்.என்.ஏ. பற்றி நடத்தினார். "உன் அட்டைய நெனச்சிக்கோ சதீஷு. மரபணுகிட்டேர்ந்து செய்தி போய்கினு இருக்கும். இது துண்டுக் காயிதம் மாதிரி அதுமேல ஒட்டிக்கும். அப்புறம் அந்தச் செய்தி சொன்ன வேல நடக்காது," என்றார். பெருகச் சொல்லும் செய்தியை அது மூடிக்கொண்டிருக்கும்வரை செல் அடங்கியிருக்குமாம். அது குறைந்துபோனால் புற்று. 'வகை ஒன்று: தடுப்பவை' என்று தலைப்பிட்டு எழுதிக்கொண்டேன். வகை இரண்டை வியாழக்கிழமைக்குத் தள்ளினார்.

எங்கள் வீட்டில் தறி நெய்தவர் அண்ணன் ஜெகநாதன். அண்ணி சுபலட்சுமியை அடிப்பார். முதலில் கையால், பிறகு தறியில் குறுக்கு இழை ஓட்டும் நாடாக் கட்டையால். நாடாவின் இரும்பு முனை பட்டு அண்ணியின் புருவம் கிழிந்தது. ஏழு மாதத்தில் முப்பத்தொரு முறை, தேதியோடு குறித்திருக்கிறேன். சரியாக எண்ணினேனா என்று சந்தேகம் வந்து மறுபடி எண்ணினேன். மாதத்துக்கு மாதம் கூடியிருந்தது. 'பெருகுகிறது' என்று ஓரத்தில் எழுதினேன்.

போலீசில் சொல்லலாம் என்று அண்ணியிடம் சொல்லிப் பார்த்தேன். "அவரு அடிச்சா எனுக்குத்தான வலிக்குது, உனுக்கு இன்னா பேஜாரு? போய்ப் படி," என்றார்.

வியாழன் காலை பதினொரு மணி. அண்ணன் தறியில் இருந்தார். இரண்டு காலும் தறிக்குக் கீழே மிதிக்கும் குழிக்குள், மடிக்கு நேரே துணி சுற்றும் மரம். அப்படி உட்கார்ந்தவரால் சட்டென்று எழ முடியாது. அதை முன்பே யோசித்திருந்தேன்.

"இன்னா டாக்டரே, இன்னிக்கு யாரு மூத்திரத்த மோந்து பாக்கப் போற?" என்றார், திரும்பாமலே.

அட்டை குத்தும் சுத்தியலால் காதுக்குப் பின்னால் அடித்தேன். ஓர் அடி போதும் என்று நினைத்திருந்தேன், நான்கு தேவைப்பட்டது. மூன்றாவதில் எலும்பு உள்ளே போனது. அவர் விரல்கள் தறியில் நீண்டிருந்த பாவு நூலைப் பற்றி இழுத்தன. அறுந்த இழைகளோடு முகம் சேலைமேல் கவிழ்ந்தது.

இங்கேதான் ஒரு தவறு செய்துவிட்டேன். தறிச் சத்தம் நின்றால் அண்ணி டீ கொண்டு வருவார். பத்து வருடப் பழக்கம். அது எனக்கு நினைவில் இல்லை.

"இன்னாங்க, அதுக்குள்ள நிறுத்திட்டீங்க" என்றபடி வந்தவர் டம்ளரைக் கீழே போட்டார். இனி உங்களுக்கு அடி இல்லை என்று பொறுமையாக விளக்கினேன். "எம்புருசனக் கொன்னுட்டியேடா பாவி. தோ, தெருவக் கூட்டறேன்," என்று வாசல் பக்கம் ஓடினார். அந்தச் செய்தி வெளியே போகாமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். வாயைத்தான் மூடினேன். அண்ணியின் முகம் சிறியது, மூக்கும் என் கைக்குள் இருந்தது. கடித்தார். உள்ளங்கையில் இருக்கும் இந்தக் காயம் அதுதான். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுக் கையை எடுத்தேன்.

கழுவிக்கொண்டு, சட்டை மாற்றி, வழக்கமான பஸ்ஸில் வகுப்புக்குப் போனேன். சார் வகை இரண்டை நடத்தினார். சில மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள், புற்றைத் தடுக்கச் சொல்லும் செய்தியையே மூடிவிடுமாம். அப்போது புற்று பெருகும், பக்கத்துத் திசுவைத் துளைத்துக்கொண்டு வேறு உறுப்புக்கும் போகும். நான் கை தூக்கினேன்.

"தான் எந்த வகைன்னு அதுக்குத் தெரியுமா சார்?"

"அதுக்கு இன்னாப்பா தெரியும்? எந்தச் செய்திய மூடுதோ அத வெச்சி நாமதான் சொல்லணும்."

திரும்பி வந்தபோது நீங்கள் போலீஸ் ஜீப்போடு எங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தீர்கள். இரண்டு பேரையும் நான்தான் கொன்றேன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகம் நோட்டில்தான். வகை ஒன்றின் கீழே, உதாரணம் என்ற இடத்தில், என் பெயரைப் புதன்கிழமையே எழுதிவிட்டேன். வகை இரண்டுக்கு மாற்றலாமா என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். ஆனால் பேனாவில் எழுதியது, ஐயா. அடித்தால் பக்கம் அசிங்கமாகிவிடும்.