துடைக்காத கத்தி

மேடையின் நடுவே வீற்றிருக்கும் ஊர்த்தலைவர் எர்கோலே அவர்களே, ஒட்டுக் கட்டிக் கட்டிக் காய்த்துப்போன கைகளோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, விடிந்ததிலிருந்து கஷ்கொட்டை வறுத்து விரல்நுனி கருகிப்போன தாய்மார்களே, டூரின் நகரத்திலிருந்து வருடத்துக்கு ஒருநாள் மலையேறி வரும் மர உரிமையாளர்களே, உங்கள் அனைவருக்கும் ஜெம்மாவின் வணக்கம்.

நாளைக் காலை ஊர்மன்றம் கூடுகிறது. பட்டையை அரிக்கும் பட்டைப்புற்று பிடித்த மேல்சரிவுக் கஷ்கொட்டைத் தோப்பை மொட்டையாக வெட்டி, எரிக்க மரச்சீவல் போடும் ஆலைக்குக் கொடுப்பதா என்று கை தூக்கப்போகிறார்கள். எனக்கு ஒரே ஒரு கேள்வி. சாகிற தோப்பில் பதினோரு மரம் மட்டும் ஏன் சாகவில்லை?

"உனக்கு ஒரு மரங்கூடக் கெடையாதே ஜெம்மா, நீ ஏம்மா தொண்டையக் கிழிச்சுக்கிற?" என்று ஒயின் பீப்பாய்ப் பக்கமிருந்து பிளீனியோ அண்ணன் கேட்கிறார். சரியான கேள்வி அண்ணே. அங்கேதான் வரப்போகிறேன். நீங்கள் கோப்பையைக் கீழே வைக்காமலே கேட்கலாம்.

மண் ஊருக்கு, மரம் குடும்பத்துக்கு. இது நம் வழக்கம். பட்டையில் வெட்டிய குடும்ப எழுத்துதான் பட்டா. சருகு கூட்டியது யார்? கிளை கழித்தது யார்? காயின் முள்ளுறை குத்திக் குத்தி விரல் வீங்கியது யாருக்கு? எழுத்து இல்லாதவர்களுக்கு. முள் குத்தாத விரலுக்கு மரம், குத்திய விரலுக்குக் கூலி. சரி, புற்று எங்கே தொடங்கியது? காயத்தில். எது அந்தக் காயம்? நீங்கள் வெட்டிய அதே எழுத்து.

நோய் கத்தியில் ஏறிப் போகும் என்று தலைவர்தான் நமக்குச் சொன்னார். மரத்துக்கு மரம் கத்தியைச் சாராயத்தில் துடைத்தீர்கள். துடைத்தும் மரங்கள் பட்டுப்போயின. போன வசந்தத்தில் அந்தப் பதினொன்றைப் பார்த்தேன். புற்றின் ஓரமெல்லாம் தடித்து, உதடு மூடுவதுபோல் மூடிக்கொண்டிருந்தது. இதே தழும்பைக் கோயில் வாசல் மரத்திலும் பார்த்திருக்கிறேன். இரண்டிலும் பட்டை சீவி நகரத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினேன். பதில் வந்தது. இரண்டிலும் இருப்பது புற்றுப் பூஞ்சைதான். ஆனால் அந்தப் பூஞ்சைக்கே நோய். அதனால் ஆழமாக இறங்க முடியவில்லை. அது தள்ளாடும் நேரத்தில் மரம் புதுப்பட்டை வளர்த்துக்கொள்கிறது. நோயைத் தின்னும் நோய். கேட்டதுண்டா இப்படி?

கடிதத்தின் கடைசியில் அவர்களும் ஒன்று கேட்டிருந்தார்கள். கோயில் மரத்திலிருந்து இந்தப் பதினொன்றுக்கு மட்டும் அது எப்படிப் போனது?

தலைவரிடம் காட்டினேன். "காத்துல போயிருக்கும் ஜெம்மா. அதிர்ஷ்டத்த நம்பி அவ்வளவு பெரிய தோப்ப நிறுத்தி வெக்க முடியுமா?" என்றார். நியாயம்தான். ஆனால் பதினொன்றும் பெர்தோலினோ வீட்டு மரங்கள். பக்கத்து மரத்தை விட்டுவிட்டு ஒரே வீட்டு எழுத்தைத் தேடிப் போக, காற்றுக்குப் படிக்கத் தெரியுமா தலைவரே?

காற்றுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் கோயில் மரத்தில் கிளை கழித்தேன். அந்தக் கத்தியோடு நேராக மேல்சரிவுக்குப் போய், எட்டு வருடமாக யாரும் எட்டிப் பார்க்காத அந்தப் பதினோரு மரத்தின் எழுத்தையும் சுற்றிச் சுற்றி வெட்டி அழித்தேன். எழுத்தில்லா மரத்தை ஒருவர் மூன்று அறுவடை பார்த்துக்கொண்டால் மரம் அவருக்கே. அதுவும் நம் வழக்கம்தானே? திருடப் போனவள் அவசரத்தில் கத்தியைத் துடைக்கவில்லை. கோயில் மரத்துப் பூஞ்சையின் சீக்கு அந்தக் கத்தியில் ஏறிப் போய், எழுத்தில் பிடித்திருந்த புற்றைச் சுற்றி உட்கார்ந்துகொண்டது.

இது மூன்றாவது அறுவடை. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அடுத்த மாதம் பதினொன்றும் என்னுடையவை, பிளீனியோ அண்ணே.

"என் மரத்தயாடி தொட்ட?" என்று அதெலினா பெர்தோலினோ அம்மா எழுந்து நிற்கிறார். ஆமாம்மா, தொட்டேன். தொடாததெல்லாம் பட்டுப்போச்சும்மா.

எல்லா மரமும் பிழைக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஐம்பது மரம் கொடுங்கள், இரண்டு வசந்தம் கொடுங்கள். கோயில் மரத்துத் தழும்பிலிருந்து பட்டை சீவி எடுத்து, இந்தமுறை தெரிந்தே, ஒவ்வொரு புற்றையும் சுற்றி வைப்போம். வைக்கிற கைக்கு விளைச்சலில் பங்கு கொடுங்கள். ஆலை இந்தத் தோப்பை ஒரு குளிர்காலத்தில் எரித்துவிடும். அதற்குப் பிறகு பொந்து ஆந்தை எங்கே போகும்? மாவு அரைக்கும் பெண்கள் எதை அரைப்பார்கள்? பிழைப்புத் தேடிப் பிள்ளைகள் எந்த ஊருக்கு ரயில் பிடிப்பார்கள்?

அந்தப் பதினோரு மரத்தையும் திருப்பித் தருகிறேன். தலைவர் அவர்களே, இதோ அந்தக் கத்தி. உங்கள் மேசையில் வைக்கிறேன். நாளை என்மேல் புகார் எழுதுங்கள், மறுக்க மாட்டேன். ஆனால் கை தூக்குவதற்கு முன் எல்லோரும் மேல்சரிவுக்கு ஏறி, அந்தத் தழும்புகளை ஒருமுறை தடவிப் பாருங்கள்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், கோபத்தோடு கேட்ட அதெலினா அம்மாவுக்கும் நன்றி. வணக்கம்.